வேல் குறி மிளகாய்த்தூளும் எங்கள் அக்காவும்

அக்கா சிவபதம் அடைந்த நாளிலிருந்து இதை எழுத நினைத்தும் பல வருடமாகத் தயங்கியே இருந்தேன். படிப்புக் குறைந்தவன் என்பது ஒரு காரணம். வியாபாரக் குறி பற்றிய விசாரணை முடியுமுன் வாய் திறந்தால் அவரின் உழைப்புக்கே கேடு வருமோ என்ற பயம் மற்றது. இந்த வருடம் முருகன் அருளால் அது முடிந்ததால் எழுதுகிறேன்.

முள்ளியவளையில் பிறந்து தண்ணீரூற்றில் வாழ்க்கைப்பட்ட அக்கா, இடப்பெயர்வில் அத்தானை இழந்து, சின்ன மகளோடு திரும்பி வந்தார். செத்தல் மிளகாய் வறுத்து, அரைத்து விற்றுப் பிள்ளையை வளர்த்தார். விரத நாளில் தூளை ருசி பார்க்க மாட்டார். மணத்திலேயே பதம் சொல்லுவார். பக்கற்றில் நடுவே வேலும் இருபுறமும் மிளகாயும் அச்சடித்தார்.

ஒருநாள் கோயிலடியில் ஒரு மாமி அவரை மறித்தார். "என்ன பிள்ளை, தூளுக்கை செங்கல்லையும் அரைச்சனியோ? மனுசன் சோத்துக் கோப்பையைத் தள்ளிப்போட்டு எழும்பிட்டார்."

மாமி வாங்கிய பக்கற்றைப் பார்த்தோம். அதே வேல், அதே மிளகாய். கீழே இருந்த விலாசம் மட்டும் வேறு யாருடையதோ.

அன்றோடு அக்காவின் நிம்மதி போயிற்று. பஸ்ஸில் போனால் கண் கடைகளிலேயே இருக்கும். போலியைக் கண்டால் இடையில் இறங்கிவிடுவார். சோற்றில் கை வைத்தபடியே எழுந்து ஆருக்காவது போன் எடுப்பார்.

பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர் பதிந்திருக்கிறோம், அது போதும் என்றே நாங்கள் நம்பியிருந்தோம். கிளிநொச்சியில் ஒரு சட்டத்தரணித் தம்பிதான், அது தொழிலின் பெயர் மட்டுமே, பக்கற்றில் உள்ள அடையாளத்தை வியாபாரக் குறியாகக் கொழும்பில் தனியே பதிய வேண்டும் என்று விளக்கினார். போலி விற்ற மற்றவர் முந்திக்கொண்டு அதே குறிக்கு விண்ணப்பித்து, அது அரச வர்த்தமானியிலும் வந்துவிட்டதாம். குறித்த காலத்துக்குள் ஆட்சேபிக்க வேண்டும். அந்தக் குறியோடு நாங்களே முதலில் விற்றோம் என்று காட்டப் பழைய பக்கற்றுகள் வேண்டும் என்றார். அக்கா தலை குனிந்தார்.

"வேல் கிடந்தது தம்பி. குப்பையிலை போடேலுமே? மிஞ்சினதெல்லாத்தையும் எரிச்சுப்போட்டன்."

"முருகனிட்டைக் குடுத்த சாட்சியை இனி ஆரிட்டைக் கேக்கிறது, அக்கா?" என்று அவர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

சாமி படம் உள்ள தாளைக் காலில் படவிடாமல் எரிப்பது எங்கள் வீட்டு வழக்கம். வாங்கிய சனங்களும் அப்படித்தான் செய்திருந்தார்கள். கடை கடையாக அலைந்தோம். நாள் போய்க்கொண்டிருந்தது. கடைசியில், மீள்குடியேறி வந்து முல்லைத்தீவில் கடை வைத்திருந்த முஸ்லிம் வியாபாரி ஒருவரிடம் போனோம். தொடக்க காலத்தில் எங்கள் தூளை வாங்கி விற்றவர். நானா என்றுதான் கூப்பிடுவோம். அவர் உள்ளே போய் ஒரு விசுக்கோத்துத் தகரத்தைத் தூக்கி வந்தார். அதற்குள் எலி கடித்ததால் விற்காமல் விட்ட எங்கள் பழைய பக்கற்றுகள், செய்த திகதியோடு இருந்தன.

"உங்கட வேல் கிடக்கு தங்கச்சி. எறிய மனமில்லை. எரிக்கிறதுக்கு நான் ஆர்? நீங்க வந்தாத் தருவம் எண்டு வச்சனான்."

அக்கா தகரத்தை நெஞ்சோடு அணைத்தபடியே பஸ் ஏறினார்.

காலம் தவறுமுன் ஆட்சேபித்தோம். எங்கள் விண்ணப்பத்தையும் போட்டோம். விசாரணை இழுபட, அக்காவைச் சிறுநீரக வருத்தம் பிடித்தது. வவுனியா ஆஸ்பத்திரியில் என்னைக் கண்டவுடன் கேட்பது ஒன்றுதான்: "கொழும்பாலை ஏதும் வந்ததோ?" இல்லை என்பேன். கடைசியாகக் கதைத்த நாளில் இப்படிச் சொன்னார்: "பிள்ளையிட்டைச் சொல்லு, அச்சடிக்கிறதிலை ஒவ்வொண்டு எடுத்து வைக்கட்டாம். இனி எரிக்க வேண்டாம். முருகன் கோவிக்கமாட்டார்."

மற்றவரின் விண்ணப்பம் தள்ளுபடியாகி, குறி இப்போது அக்காவின் மகள், என் மருமகளின் பெயரில் பதிவாகியுள்ளது. பத்து ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்க வேண்டும். போலி வந்தால் நாங்கள்தான் கவனிக்க வேண்டும். ஆகவே எங்களுக்கு இன்னும் ஓய்வில்லை.

சட்டத்தரணித் தம்பிக்கும், அக்காவைப் பராமரித்த தாதியருக்கும், கூட நின்று மிளகாய் வறுத்த பெண்களுக்கும், நானாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

உறவுகளிடம் ஒரு வேண்டுதல். முருகன் கனவில் வந்து தகரத்தைக் காட்டினார் என்று சிலர் இப்போதே சொல்லித் திரிகிறார்கள். அப்படி ஒரு கனவும் அக்கா காணவில்லை. நடந்ததை நடந்தபடியே உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். மற்றவரைத் திட்டி ஒரு சொல்லும் கூட்ட வேண்டாம். முருகனின் பெயரைச் சொல்வதற்காக நானாவை விட்டுவிடவும் வேண்டாம்.