பத்தாவது துணி

எங்கள் ஒர்க்‌ஷாப்பில் இன்ஜினைப் பிரிப்பதும் பூட்டுவதும் என் வீட்டுக்காரர் வேலை. இன்ஜினின் இரும்புக் கூடான பிளாக்கைக் கழுவிப் பெயிண்ட் அடிப்பது என் வேலை. அவருக்கு அதற்குப் பொறுமை கிடையாது. அழுக்கின் மேலேயே அடித்துவிட்டு, தோல் தோலாக உரிகிறதே என்று பெயிண்டைத் திட்டுவார். காரிமங்கலத்தில் பொம்பளை பெயிண்ட் அடிக்கிற ஒர்க்‌ஷாப் என்று சிரித்தவர்கள் உண்டு. அவர்கள் வண்டியும் இப்போது இங்கேதான் வருகிறது.

அந்த வாரம் வந்தது ஒரு வாடகைக் காரின் டீசல் இன்ஜின். பிரித்து, வெறும் பிளாக்கை என்னிடம் தள்ளினார். டீசல் ஊற்றி ஊறவைத்துக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தேன். சோப்புத்தூள் கரைத்த வெந்நீரில் இரண்டு முறை கழுவி, ஏர் பைப்பால் ஓட்டை ஓட்டையாக ஊதிக் காயவைத்தேன். பிறகு தின்னர் தொட்ட வெள்ளைத் துணியால் துடைக்க வேண்டும். துணி வெள்ளையாகவே திரும்பி வரும்வரை விடக்கூடாது, இல்லையென்றால் பெயிண்ட் பிடிக்காது. வழவழவென்று கடைந்த பரப்புகளில் டேப் ஒட்டினேன். அங்கே பெயிண்ட் பட்டால், கசிவைத் தடுக்கிற கேஸ்கெட் சரியாக உட்காராது. எண்ணெயும் தண்ணீரும் போகிற ஓட்டைகளில் துணி அடைத்தேன். பழைய லுங்கியைக் கிழித்துப் பத்துத் துண்டு. வேலை முடிந்ததும் எண்ணி எடுத்துத் துவைத்து வைப்பது என் வழக்கம். அதன் பிறகு மெல்லிசாக ஒரு கை பிரைமர், அது காய்ந்ததும் சூடு தாங்குகிற சாம்பல் பெயிண்ட் இரண்டு கை.

வெள்ளிக்கிழமை காலை வண்டிக்காரர் வந்து நின்றார். எங்களைவிடச் சின்னவர், எதற்கும் நேரம் பார்க்கிறவர். பத்தரைக்கு ராகு காலம், அதற்குள் கிராங்குத் தண்டைப் பிளாக்கில் உட்கார வைத்துவிட வேண்டும் என்றார். என் வீட்டுக்காரரோ பத்து மணி வரை ஒரு ஸ்பேனரைத் தேடிக்கொண்டிருந்தார். அது அவர் பாக்கெட்டிலேயே இருந்தது. வண்டிக்காரர் முன்னாலேயே அவரைத் திட்டினேன்.

"வெச்ச எடம் தெரியாத ஆளுகிட்ட எவன் நம்பி வண்டிய வுடுவான்?"

நான் டேப்பை உரித்து, துணிகளைப் பிடுங்கிப் பிடுங்கி வாளியில் போட்டேன்.

"எல்லாம் எடுத்துட்டியா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"எடுத்துட்டேன். நான் என்ன நீங்களா?"

எண்ணவில்லை. அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை போகாது என்பார்கள். எனக்கு வாய் மட்டும் நன்றாகப் போனது.

ஞாயிற்றுக்கிழமை காலைக்குள் இன்ஜின் வண்டியில் ஏறிவிட்டது. முதல் ஸ்டார்ட் சொந்தக்காரர் கையால்தான், அதை நாங்கள் செய்வதில்லை. வண்டிக்காரர் தன் மனைவியையும் இரண்டு பெண் குழந்தைகளையும் கூட்டி வந்திருந்தார். அப்படியே தொப்பூர் கணவாய் இறங்கி, மேச்சேரியில் மாமியார் வீட்டுக்குப் போவதாகத் திட்டம். சூடம் காட்டி, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. மூன்று பேரும் பின்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். பெரியவள் கண்ணாடியை இறக்கி எனக்குக் கை காட்டினாள்.

சும்மா நிற்கத் தெரியாதவள் நான். குழாயடியில் அந்த வாளித் துணிகளை அலசிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தேன். ஒன்பதுதான் வந்தது. வாளியைக் கவிழ்த்துப் பார்த்தேன். கொடியில் மறுபடி எண்ணினேன். ஒன்பது.

ஓட்டைகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். ஃபில்டர் வருகிற இடம், பம்ப் வருகிற இடம், எதில் துணி இருந்தாலும் பூட்டும்போது அவர் கண்ணில் பட்டிருக்கும். மிச்சம் பின்பக்கம் ஒன்று, பிளாக்கின் நீளத்துக்கும் ஓடுகிற எண்ணெய் வழியின் கடைசி வாய். அதில் மட்டும் பெயிண்ட் உள்ளே போய்விடுமோ என்று துணியை ஸ்க்ரூ டிரைவரால் ஆழமாகக் குத்தித் தள்ளியிருந்தேன். அவர் அவசரத்தில் அதன் மேலேயே வாயை மூடுகிற பிளக்கை முடுக்கியிருப்பார். ஸ்டார்ட் ஆனால் எண்ணெய் வேகத்தில் துணி நகர்ந்து, கிராங்குக்குப் போகிற வழியை அடைக்கும். கொஞ்ச தூரம் வண்டி நன்றாகத்தான் ஓடும். பிறகு இன்ஜின் இறுகி நின்றுவிடும். தொப்பூர் இறக்கத்தில், பின்னால் லோடு லாரி வருகிற நேரத்தில் கூட நிற்கலாம்.

சொன்னால் வெள்ளிக்கிழமை நான் கத்தியது அத்தனையும் என் மேலேயே திரும்பும். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. வண்டிக்காரர் சாவியைப் போடுவது தெரிந்தது. ஈரக் கையோடு ஓடினேன்.

"ஸ்டார்ட் பண்ணாதீங்க! பண்ணாதீங்க! துணி ஒண்ணு உள்ளயே இருக்குது!"

அவர் சாவியிலிருந்து கையை எடுத்தார். "என்ன துணிங்க அக்கா? யாரு வெச்சது?"

நான் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். அதற்குள் என் வீட்டுக்காரர் முன்னால் வந்துவிட்டார்.

"நான்தாங்க. பின்னால ஒரு ஓட்டையில வெச்சத எடுக்க மறந்துட்டேன். கொழந்தைங்கள எறக்கிக்குங்க."

கியர்பாக்ஸை இறக்கினால்தான் அந்தப் பிளக்கைத் தொட முடியும். மத்தியானம் ஆகிவிட்டது. நான் டார்ச் பிடிக்க, அவர் பிளக்கைக் கழற்றி, வளைத்த கம்பியை உள்ளே விட்டு இழுத்தார். சாம்பல் பெயிண்டில் விறைத்துப்போன லுங்கித் துண்டு வந்தது.

வண்டிக்காரர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஆரம்பித்தார்.

"இத்தன வருசமா தொழில் பண்றீங்க, எண்ணி எடுக்கத் தெரியாதுங்களா? புள்ளைங்கள ஏத்திக்கிட்டு கணவாயில எறங்கியிருந்தா என்ன ஆயிருக்கும்? அக்கா பாக்கலைன்னா எங்க கதி என்னங்க?"

என் வீட்டுக்காரர் வண்டிக்கு அடியில் படுத்தபடி கியர்பாக்ஸை ஏற்றிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். ஒவ்வொரு சொல்லும் எனக்கு வர வேண்டியது. நான்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஊரையே வாயால் அடிக்கிற எனக்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை. வண்டிக்காரர் மனைவி வேறு என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க நல்லா இருக்கணுங்க அக்கா" என்றாள்.

அவர்கள் போன பிறகு, ஏன் அப்படிச் சொன்னீங்க என்று கேட்டேன்.

"எனக்குத் திட்டு வாங்கிப் பழக்கம். உனக்குப் பழக்கமில்ல," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கைகழுவப் போய்விட்டார்.

அந்த வண்டிக்காரர் இன்றும் எங்களிடம்தான் வருகிறார். வேலை முடிந்து வண்டியை எடுக்கும்போது என் வீட்டுக்காரரைத் தாண்டி என்னிடம் வந்து, "அக்கா, நீங்க ஒருக்கா பாத்துட்டீங்களா?" என்று கேட்பார். பாத்துட்டேங்க என்கிறேன். என் வீட்டுக்காரர் பக்கத்திலேயே நிற்கிறார். மற்றதை நான் இன்னும் சொல்லவில்லை.