விரலில் தட்டுப்படாத முத்திரை

என் மகளுடைய டிப்ளமோ சான்றிதழை லேமினேட் செய்தது நான்தான். அவள் கேட்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் யாரிடமாவது இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம், வேறு யாரோ செய்துவிட்டதைப் போலச் சொல்லியே பழகிவிட்டேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. தாம்பரத்தில் ஒரு கல்லூரி மைதானத்தில் பந்தல் போட்டு, ஏழெட்டு கம்பெனிகள் ஒரே நாளில் ஆள் எடுப்பதாகப் பேப்பரில் விளம்பரம் வந்திருந்தது. அதில் ஒன்று மறைமலைநகரில் எலக்ட்ரானிக் பாகங்கள் செய்யும் கம்பெனி. மகள் படித்ததும் அதுதான். படிப்பு முடிந்து ஒன்றரை வருடமாக பீர்க்கன்கரணையில் எங்கள் வீட்டிலேயே இருந்தாள். இதுவும் கிடைக்காவிட்டால் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிடலாம் என்று அவள் அப்பா சொல்லிவிட்டார். அவள் தட்டில் பாதிச் சோறு இருக்கும்போதே எழுந்து கை கழுவினாள்.

நான் பல்லாவரத்தில் ஒரு ஆபீஸில் டைப்பிஸ்ட். என்னை வேலைக்கு எடுத்த மேனேஜர் என் ஃபைலைப் புரட்டிவிட்டு, "நீட்டா வெச்சிருக்கீங்களே" என்று சொன்னார். அந்த ஃபைலால்தான் வேலை கிடைத்தது என்று இருபது வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன். அதனால் முகாமுக்கு இரண்டு நாள் முன்னால் மார்க்கெட் பக்கத்திலிருந்த கடைக்கு அவளுடைய சான்றிதழ்களை எடுத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் மெஷினைச் சூடாக்கினார். "நூறு வருஷம் ஆனாலும் ஒண்ணும் ஆவாதுக்கா. தண்ணில போட்டு எடுங்க, அப்படியே கீது பாருங்க." கண்ணாடிபோல் பளபளத்தது. எனக்கு அவ்வளவு திருப்தி.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கே வரிசை கேட்டைத் தாண்டிவிட்டது. காட்டன் புடவையில் அவள் என் கண்ணுக்கே பெரிய ஆபீஸர்போல் தெரிந்தாள். நான் அவள் பின்னாலேயே நின்று கொசுவத்தை இழுத்துவிட்டுக்கொண்டும், "கால் மேல கால் போடாதே, மேஜையில கை வெக்காதே" என்று சொல்லிக்கொண்டும் இருந்தேன். எங்களுக்குப் பின்னால் நின்ற பையன் சிரித்தான்.

"ஆன்ட்டி, நீங்களும் டிப்ளமோவா?"

பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். மகள் திரும்பவில்லை. அவள் காது மட்டும் சிவந்தது.

எங்கள் முறை வந்தபோது மணி பதினொன்று. மேஜைக்கு அந்தப் பக்கம் கண்ணாடி போட்ட ஒருவர். கடுமையான ஆள் இல்லை. விண்ணப்பத்தைப் படித்தார், தலையசைத்தார், ஒரிஜினலைக் கேட்டார். டிப்ளமோவைக் கையில் வாங்கியதும் அதன் மூலையில் கட்டைவிரலை வைத்துத் தடவினார். மறுபடியும் தடவினார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"இதுல எம்போஸ் சீல் இருக்கணுமே?"

காகிதத்தில் புடைத்திருக்கும் வட்ட முத்திரையைத்தான் கேட்கிறார். அது சூட்டில் அமுங்கித் தட்டையாகிவிட்டிருந்தது. போலிச் சான்றிதழ் கொண்டுவந்து சிலர் மாட்டிக்கொண்ட சமயம் அது. மகள் வாயைத் திறப்பதற்குள் நான் முன்னால் குனிந்து பேச ஆரம்பித்துவிட்டேன்.

"ஒரிஜினல்தான் சார். நான்தான் சார் லேமினேட் பண்ணேன். அவ ரொம்ப நல்லா படிப்பா சார், ஒரு அரியர் கூட கிடையாது. வேணும்னா ப்ராஜெக்ட் பத்திக் கேளுங்க சார், அவ வந்து..."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா, வேலை உங்களுக்கா, இவங்களுக்கா?"

விண்ணப்பத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டார். "பாலிடெக்னிக்ல இருந்து ஒரு லெட்டர் வாங்கிட்டு வாங்க. மூணு மணிக்கு நாங்க கிளம்பிடுவோம்."

பாலிடெக்னிக் இருந்தது கீழ்க்கட்டளைக்கு அப்பால். சனிக்கிழமை ஒரு மணிக்கு ஆபீஸைப் பூட்டிவிடுவார்கள். பல்லாவரத்தில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நிற்கும்போது, நான் மன்னிப்புக் கேட்பதைப்போல எதையோ சொல்லிக்கொண்டே இருந்தேன். நூறு வருஷம் கெடாதுன்னு சொன்னானே, பாவி, என்று கடைக்காரரையும் திட்டினேன்.

"லேமினேஷனை விடும்மா" என்றாள் அவள். ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நீ ஏன் பேசின? நான் என்ன ஊமையா? ப்ராஜெக்ட் பத்தி நான் சொல்ல வேண்டியது. அதையும் நீயே ஆரம்பிச்சிட்ட."

பஸ் வந்தது. அவள் முன்பக்கம் போய் உட்கார்ந்தாள். பக்கத்தில் இடம் இருந்தது. நான் இரண்டு சீட் தள்ளி உட்கார்ந்தேன்.

நாங்கள் போனபோது பாலிடெக்னிக் ப்யூன் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டிருந்தார். சான்றிதழைப் பார்த்ததும், "இன்னாமா, இஸ்திரி போட்டு எட்த்தாந்துக்கினியா?" என்றார். "இந்த மாசம் நீங்க மூணாவது ஆளு. இதே பேஜாரு." ஆனால் கிளார்க்கை அவர்தான் சைக்கிள் ஸ்டாண்டு வரை ஓடிப்போய்த் திரும்ப அழைத்து வந்தார். கிளார்க் முணுமுணுத்துக்கொண்டே ரெஜிஸ்டரை எடுத்து, நம்பரைச் சரிபார்த்து, நான்கு வரி எழுதி, பிரின்சிபாலிடம் கையெழுத்து வாங்கினார். கடிதத்தின் கீழே அழுத்திய முத்திரையை நானே தடவிப் பார்த்தேன். மேடாக இருந்தது. அழுகை வந்துவிடும்போல் ஆகிவிட்டது.

தாம்பரத்துக்குத் திரும்பியபோது மணி இரண்டே முக்கால். பந்தலின் ஒரு பக்கத்தை ஏற்கெனவே அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். கேட் அருகில் அவள் நின்றாள். என் கையிலிருந்த ஃபைலை வாங்கிக்கொண்டாள்.

"நீ இங்கயே நில்லும்மா."

"தண்ணியாவது குடிச்சிட்டுப் போ. புடவை பின்னாடி..."

"அம்மா."

நின்றுவிட்டேன். அங்கிருந்து பார்த்தால் மேஜை தெரியாது, நாற்காலிகளை அடுக்கியிருந்தது மறைத்தது. இருபத்தைந்து நிமிடம். மூன்று மணி அடித்துத் தாண்டியது. ஒரு கம்பெனி வேன் வெளியே போனபோது அந்தக் கண்ணாடிக்காரர் அதில் இருக்கிறாரா என்று ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். டிரைவர் முறைத்தார். என் வாயால் போன வேலை என்று எனக்குள் முடிவே செய்துவிட்டேன். அவள் அப்பாவிடம் எந்த வார்த்தையில் சொல்வது என்று கூட யோசித்தேன்.

அவள் மெதுவாகத்தான் நடந்து வந்தாள்.

"என்ன கேட்டாரு?"

"என்னைப் பத்திக் கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"சொன்னேன்." ஜூஸ் வேண்டும் என்றாள். கடையில் நின்று இரண்டு டம்ளர் குடித்தாள்.

பதினெட்டு நாள் கழித்துத் தபால் வந்தது. ஒரு வருடம் டிரெய்னி, பிறகு நிரந்தரம் என்று எழுதியிருந்தது. அடுத்த மாதத்திலிருந்து ஜி.எஸ்.டி. ரோட்டில் தினமும் ஆறே முக்காலுக்குக் கம்பெனி பஸ் ஏறத் தொடங்கினாள். மாப்பிள்ளைப் பேச்சை அவள் அப்பா அப்போதைக்கு விட்டுவிட்டார். அந்த இருபத்தைந்து நிமிடத்தில் அவள் என்ன பேசினாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டு தடவை கேட்டேன், சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

ஆர்டர் வந்த அன்று அதை அவள் கையிலிருந்து வாங்கி நான் செய்த முதல் காரியம், மூலையில் கட்டைவிரலை வைத்துத் தடவியதுதான். ஒன்றும் தட்டுப்படவில்லை. என் முகம் மாறியதை அவள் பார்த்துவிட்டாள்.

"அதுல ரப்பர் ஸ்டாம்ப் மட்டும்தான்மா" என்றாள். "எல்லாருக்கும் அப்படித்தான்."

தெரியும். ஆனாலும் அவள் வேலைக்குப் போன பிறகு பீரோவைத் திறந்து இன்னொரு முறை தடவிப் பார்த்தேன்.