மீன் தொட்டிக்கு ஆறு கால்

என் வீட்டுக்காரருக்கு மீன் ஆசை வந்தது, சிவகாசியில் கிணறுகள் வற்றிக் கிடந்த ஒரு கோடையில். ஆசைக்கு நேரம் காலம் கிடையாது என்பார்கள். ஐப்பசி வரைக்குமாவது பொறுத்திருக்கலாம்.

விஸ்வநத்தத்துப் பக்கம் அவருக்குச் சின்னதாக ஒரு பட்டாசுக் கம்பெனி இருந்தது. சீசனுக்கு முன்னால் ஆர்டர் கொடுக்க வடக்கேயிருந்து வியாபாரிகள் வருவார்கள். அவர்களில் ஒரு பம்பாய்க்காரர் வீட்டுக் கூடத்தில் பெரிய கண்ணாடித் தொட்டியில் தங்கநிற மீன்கள் நீந்தியதை இவர் பம்பாய் போயிருந்தபோது பார்த்துவிட்டு வந்தார். அன்றிலிருந்து பிடித்தது சனியன். அந்தப் பம்பாய்க்காரர் அடுத்த மாதம் எங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தது. அதற்குள் எங்கள் கூடத்திலும் ஒரு தொட்டி நின்றாக வேண்டும்.

மதுரையிலிருந்து லாரியில் வைக்கோல் சுற்றி வந்து இறங்கியது. நாலடி நீளம், இரும்புச் சட்டம், நாலு பக்கமும் கனத்த கண்ணாடி. தெருவே வந்து அழகு பார்த்தது. நான் பார்த்தது ஒன்றைத்தான், அதில் எத்தனை குடம் பிடிக்கும் என்று. இருபது குடம்.

எங்கள் வீட்டுக் கிணறு உப்பு. குளிக்கலாம், பாத்திரம் கழுவலாம். அதில் பருப்பு வேகாது. நல்ல தண்ணீர்க் கிணறு இரண்டு தெரு தள்ளி இருந்தது. இருட்டோடு போய் வரிசையில் நின்று, ஊறுகிற தண்ணீரைக் காத்திருந்து இறைத்து, தலையில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாகக் கொண்டுவர வேண்டும். ஒரு நாளைக்கு ஆறு குடம் கிடைத்தால் அன்று எனக்கு நல்ல நாள். கல்யாணமாகி வந்த நாளாக வீட்டில் அது என் வேலை. அந்தத் தண்ணீர் எந்த வழியாக வீட்டுக்கு வருகிறது என்று என் வீட்டுக்காரர் ஒரு நாளும் யோசித்தவரில்லை.

"மீனுக்கு நல்ல தண்ணிதான் ஊத்தணும். உப்புத் தண்ணியில செத்துப்போகும்" என்றார்.

"என்னங்க, கடல்ல கிடக்கிறதும் மீனுதான?"

"அது வேற மீனு."

சொல்லுகிறவனுக்கு வாய்ச்சொல், செய்கிறவனுக்குத் தலைச்சுமை.

தொட்டியை வைக்க ஸ்டாண்டு வேண்டும். ஊரில் வண்டி செய்கிற ஆசாரி இருக்கிறார், கட்டில் செய்கிற ஆசாரி இருக்கிறார். இவர் கூட்டி வந்தது தன் கம்பெனி ஆசாரியை. நல்ல மனிதர், நல்ல வேலைக்காரர், அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வாழ்நாளெல்லாம் பட்டாசு ஷெட்டுகளுக்கே வேலை செய்தவர். அங்கே கூரை லேசாக இருக்க வேண்டும். தப்பித் தவறி வெடித்தால் அது மேலே பறந்துவிடும், சுவர் ஆட்கள் மேல் சாயாது. இரும்பு ஆணி உரசினால் பொறி பறக்கும் என்று மர ஆணிதான் அடிப்பார்கள். எதையும் மெலிதாக, லேசாக, தட்டினால் கழன்று வருகிற மாதிரி செய்வதே அவருக்குக் கைப்பழக்கம்.

மீன் ஸ்டாண்டையும் அப்படியே செய்தார். தீப்பெட்டி லோடு வந்த பழைய பெட்டிகளின் பலகை, விரல் கனத்தில் குறுக்குச் சட்டம், மர ஆணி. பார்க்க அழகாக இருந்தது. ஒரு கையால் தூக்கிக் காட்டினார்.

"இம்புட்டு லேசா இருக்கே, ஆசாரியாரே?" என்றேன்.

"லேசாத்தான் தாயி இருக்கணும். கனமா செஞ்சா ஆபத்துல்லா."

"மீனு என்ன வெடிக்கவா போகுது?"

அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் சிரித்தார். பிறகு ஸ்டாண்டு பலமா என்று சோதிக்க இரண்டு பேரும் அதன்மேல் ஏறி உட்கார்ந்தார்கள். கால்களை வேறு ஆட்டினார்கள்.

"பாத்தியா? ரெண்டு ஆம்பளை உக்காந்திருக்கோம். அசையுதா?"

"தொட்டிக்குள்ள நீங்க ரெண்டு பேருமா இருக்கப் போறீக? இருபது குடம் தண்ணிங்க. உங்க ரெண்டு பேரையும் விட ரெண்டு பங்கு கனம் இருக்கும்."

"ஓடுற பொருளுக்கு ஏது கனம்?" என்றார் என் வீட்டுக்காரர்.

பள்ளிக்கூடம் போனவர், கம்பெனி நடத்துகிறவர். தலையில் அடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அந்த வாரம் முழுவதும் விடியுமுன் போய், கூடுதலாக இரண்டு நடை நடந்து, அண்டாக்களில் நல்ல தண்ணீர் சேர்த்தேன். வெள்ளிக்கிழமை காலை தொட்டியை ஸ்டாண்டில் ஏற்றிக் கற்பூரம் காட்டினார்கள். தண்ணீர் ஊற்றியது நான். பத்துக் குடம் வரை ஒன்றுமில்லை. அதற்குமேல் அடியில் எங்கோ கிறீச்சென்றது. தொட்டிக்குள் பார்த்தேன். தண்ணீர் ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் நின்றது. தண்ணீர் எங்கேயாவது சாய்ந்து நிற்குமா? சாய்ந்தது ஸ்டாண்டு.

"ஊத்து, ஊத்து. மரம் படியுது" என்றார்.

"படியலங்க, விழுது! பிடிங்க!"

குடத்தை எறிந்துவிட்டு நானும் தொட்டியைத் தாங்கினேன். ஆசாரி ஒரு மூலை, இவர் ஒரு மூலை. மர ஆணிகள் ஒவ்வொன்றாகத் தெறித்தன. ஷெட்டுக்கு அது பாதுகாப்பு. எப்படியோ தொட்டியைத் தரைக்கு இறக்கினோம். கண்ணாடி தப்பியது, தண்ணீர் தப்பவில்லை. பாதி கூடத்தில் ஓடியது. மீதியில் தொட்டியின் கண்ணாடி இடுக்கில் அப்பியிருந்த மக்கு கரைந்து எண்ணெய் மிதந்தது, சமையலுக்கு ஆகாது. ஒரு வாரம் என் இடுப்பில் ஏறி வந்த தண்ணீர் வாசல் வழியாகத் தெருவுக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்று மத்தியானம் வீட்டுக் கிணற்று உப்புத் தண்ணீரில்தான் சமைத்தேன். இலையில் கை வைத்த என் வீட்டுக்காரர் கேட்டார், "பருப்பு ஏன் வேகல?"

கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். அப்போது நான் சொன்னதை எல்லாம் இங்கே எழுத முடியாது.

அடுத்த ஸ்டாண்டுக்கு மரம் நான் சொன்னது. எங்கள் அப்பா வீட்டில் ஓடி ஓய்ந்த ஒரு பாரவண்டியின் கருவேலங் கட்டைகள் கிடந்தன. அதையே அறுத்து, நாலு காலும் தொடை கனத்தில், இரும்பு போல்ட்டு முடுக்கிச் செய்தார் ஆசாரி. இரும்பில் அடித்த ஒவ்வொரு அடிக்கும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார், பாவம்.

"சோதிச்சுப் பாத்துத்தான் தொட்டி ஏறணும். சோதனைக்கு உப்புத் தண்ணி போதும். இருபது குடமும் சுமக்கிறது நீங்க" என்றேன் என் வீட்டுக்காரரிடம்.

ஸ்டாண்டின் மேல் இரண்டு பெரிய அண்டாக்களை வைத்தேன். பின்கட்டுக் கிணற்றிலிருந்து கூடம் எவ்வளவு தூரம்? கூப்பிட்டால் கேட்கிற தூரம். முதல் குடத்தைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கினார், வேட்டி நனைந்தது. அடுத்ததை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு காலை அகட்டி நடந்தார். அப்புறம் தோளில் வைத்துப் பார்த்தார். பாதியிலேயே அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. கடைசிக் குடத்தையும் கவிழ்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். ஸ்டாண்டு கல்லாக நின்றது.

வெறுங்குடத்தைத் தூக்கிப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இந்தக் கனத்தையா தினம் தூக்குற? ரெண்டு தெரு தாண்டி?"

அந்தக் கேள்வியில் எனக்கு மனசு இளகிப்போனது உண்மை. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்கிறார். கண்கூடக் கலங்கியது. அடுத்து என்ன சொல்லப் போகிறார் என்று சுவரில் சாய்ந்தபடி காத்திருந்தேன். ஒரு ஆள் போடலாம் என்பாரா, நாளைக்கு நானும் கூட வாரேன் என்பாரா, இந்த மீனே வேண்டாம் என்பாரா.

அவர் ஆசாரி பக்கம் திரும்பினார்.

"ஆசாரி, தண்ணி பயங்கரக் கனமா இருக்கய்யா. நடுவுல இன்னும் ரெண்டு கால் குடுத்துருங்க."

ஆசாரி கொடுத்தார். ஆறு கால் ஸ்டாண்டு அசைந்ததே இல்லை. பம்பாய்க்காரர் வந்தபோது அதைத் தட்டிப் பார்த்துப் பாராட்டினார். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றித் தானே சோதித்த கதையை என் வீட்டுக்காரர் அவருக்கு விஸ்தாரமாகச் சொன்னார்.

அந்தத் தொட்டிக்கான இருபது குடம் நல்ல தண்ணீருக்கு, கால் பொருத்திய மறுநாள் இருட்டோடு கிளம்பியது நான். வாசல் படி இறங்கும்போது உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது.

"பாத்து, சிந்தாம கொண்டா."