பிளேடு சரியில்லை

அந்தக் கட்டடத்தில் மாடிக்கு மாடி புற்றுநோயை ஆராய்கிறவர்கள். ஒரு மாடியில் நுரையீரல், அடுத்ததில் குடல், அதற்கு மேலே கல்லீரல் என்று உடம்பைப் பாகப்பிரிவினை செய்து குடியேறியிருந்தார்கள். ஒருவர் மாடிக்கு இன்னொருவர் அதிகம் போவதில்லை. ஆனால் தரைத்தளத்துக்கு எல்லோரும் இறங்கி வந்தாக வேண்டும். பெரிய இயந்திரங்களும் அவற்றோடு மல்லுக்கட்டத் தெரிந்தவர்களும் அங்கேதான் இருந்தார்கள், எல்லா மாடிக்கும் பொதுவாக. தெருக்குழாயடி மாதிரி. தண்ணீரும் கிடைக்கும், சண்டையும் கிடைக்கும், அடுத்த வீட்டுச் செய்தியும் கிடைக்கும்.

தாழ்வாரத்தின் கடைசி அறை ரிப்பன் அக்காவுடையது. நோயாளிகளிடமிருந்து எடுத்த சதைத் துணுக்குகள் மெழுகில் பதித்த கட்டிகளாக அவளிடம் வரும். கட்டியை இயந்திரத்தில் பொருத்தி, கைச்சக்கரத்தைச் சுற்றுவாள். ஒவ்வொரு சுற்றுக்கும் கட்டி பிளேடின் மேல் இறங்கி ஒரு சீவல் கொடுக்கும். வெங்காயச் சருகெல்லாம் அதற்கு முன்னால் கம்பளி. ஒரு சீவலின் வாலைப் பிடித்துக்கொண்டு அடுத்த சீவல் வர, அது ரிப்பன் போல நீளும். அதைத் தூரிகை முனையால் தூக்கி வெந்நீர்த் தொட்டியில் மிதக்க விட்டால், வெதுவெதுப்பில் சுருக்கம் விட்டு விரியும். அடியிலிருந்து கண்ணாடி ஸ்லைடைக் கொடுத்து ஏந்தி எடுக்க வேண்டும். அதன் பிறகு பக்கத்து அறையில் சாயக்காரர் அதற்குச் சாயம் ஏற்றுவார். மேல்மாடிக்காரர்கள் அதைப் பார்த்துத்தான் தங்கள் கதையை எழுதுவார்கள்.

ரிப்பன் பிளேடில் இருக்கும்போது யாராவது கதவைத் திறந்தாலே போதும், பறந்துவிடும். அதனால் கைப்பிடியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டி வைப்பாள். தையல்காரரான அவள் கணவர் கடையில் மிஞ்சிய துண்டு அது. துணி தொங்கினால் உள்ளே நுழையக் கூடாது, வாசலில் நின்று பேசவும் கூடாது. இயக்குநரே ஒருமுறை கையைக் கட்டிக்கொண்டு வெளியே நின்றிருக்கிறார்.

இப்படிப்பட்ட வேலைக்கு வந்தவளுக்குக் கடவுள் கொடுத்ததோ அடக்க முடியாத சிரிப்பு. சாயக்காரர் காலையில் சொன்ன வேடிக்கையை வாய்க்குள்ளேயே வைத்திருந்து, ரிப்பனைத் தண்ணீரில் விட்ட பிறகுதான் சிரிப்பாள். புதிதாக வந்தவர்கள், இந்த அம்மா தொட்டியைப் பார்த்து எதற்குச் சிரிக்கிறாள் என்று பயந்ததுண்டு. ஆட்களைக் கூப்பிடுவதும் அப்படித்தான். பெயர் நினைவிருக்காது, உறுப்பு நினைவிருக்கும். வெளியூரிலிருந்து யாரோ பெரியவர் வந்து விசாரித்தபோது, "குடல் சார் வெளிய போயிருக்கார், கல்லீரல் தம்பி உள்ளதான் இருக்கு, கூப்பிடவா?" என்றாள். வந்தவர் சற்று உட்கார்ந்துகொண்டார்.

அந்த வருஷம் பிளேடுக்குக் கேடுகாலம் வந்தது. அக்காவின் சீவல்களில் மடிப்பு விழ ஆரம்பித்தது. சாயம் ஏறியதும் மடிப்பு கருங்கோடாகத் தெரியும். பிளேடு சரியில்லை என்றாள் அக்கா. வேறு பிளேடு வந்தது. அப்புறம் மெழுகு சரியில்லை. மெழுகை மாற்றினார்கள். தண்ணீர் சூடு கூடுதல், பிறகு குறைச்சல். கடைசியில் விளக்கு மங்கல் என்று தீர்ப்பாகி, தளத்தின் பொறுப்பாளர் அம்மா வாய் பேசாமல் புது விளக்கு வாங்கிக் கொடுத்தார். கல்யாணப் பந்தல் மாதிரி வெளிச்சம். மடிப்பு அப்படியே இருந்தது.

சாயக்காரர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவளைப் பார்த்தார். "எல்லாத்தையும் மாத்தியாச்சு. மாத்தாதது ஒண்ணுதான் இருக்கு."

"என்னது?"

"சக்கரத்தச் சுத்துற ஆளு."

"உங்களுக்குக் கண்ணு போச்சுன்னா ஊருக்கே போயிருக்கணுமா அண்ணே? எங்க வீட்டுப் பரம்பரைல யாரும் கண்ணாடி போட்டதில்ல."

பரம்பரை என்று அவள் சொன்னது அம்மாவை மட்டும்தான். அந்த அம்மாவும் அரிசியில் கல் இருந்ததாக ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

விஷயம் கண் மட்டுமல்ல, வாயும்தான். ஒன்றிரண்டு வருஷத்துக்கு முன்னால் வீட்டுக்காரர் செய்தித்தாளைத் தள்ளித் தள்ளிப் பிடித்துப் படித்ததைப் பார்த்து, "கை நீளம் பத்தலன்னா எதிர்வீட்டுல போய்ப் பிடிச்சுக்கச் சொல்லட்டுமா?" என்று கேட்டவள் அவள். தாத்தா என்று கூப்பிட்டு ஒரு வாரம் சிரித்தாள். மனுஷர் அதன் பிறகு வீட்டில் செய்தித்தாளைத் தொடுவதை விட்டுவிட்டார். இப்போது அதே வயது அவள் வாசலில் வந்து நிற்கிறது. கதவைத் திறந்தால் அவர் முகத்தில் எப்படி விழிப்பது? அதனால் மருந்துச் சீட்டை மகளைப் படிக்கச் சொன்னாள். ஊசியில் நூல் கோர்க்க வேண்டியதைக் கணவரிடமே தள்ளினாள். அவர் கடைக்கு எடுத்துப்போய்க் கோர்த்துக்கொண்டு வந்தார். இதற்கு எதற்குக் கடைவரை போகிறார் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

அந்த நிலைமையில்தான் நுரையீரல் பொண்ணு வந்து நின்றாள். ஆராய்ச்சிப் படிப்பின் கடைசி வருஷம். கையில் ஒரே ஒரு கட்டி. அதை நாய்க்குட்டியைப் பிடிப்பது போல இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

நுரையீரல் புற்றில் அபூர்வமான ஒரு வகையாம். நாலு பேரிடம் பார்த்துவிட்டாள். ஐந்தாவதாக ஒருவரிடமும் அதே அடையாளம் இருந்தால்தான் அவள் சொல்வது நிற்கும். ஒரு மருத்துவமனை அலமாரியில் தேடித் தேடி இதைக் கண்டுபிடித்திருக்கிறாள். ஏற்கெனவே பலர் சீவியது; உள்ளே எள்ளளவு சதைதான் மிச்சம். மடிப்பில்லாத சீவல் இரண்டு வேண்டும். கட்டி இரவல். நாளை மாலை திருப்பிக் கொடுக்க வேண்டும்.

"வேற யாருகிட்டயும் குடுக்க மனசு வரலக்கா. இது போச்சுன்னா நாலு வருஷ வேலைக்குத் தலை இருக்கும், வால் இருக்காது."

அக்கா கட்டியை விளக்கடியில் பிடித்துப் பார்த்தாள். மெழுகு தெரிந்தது. எள் தெரியவில்லை. "நாளைக்குக் காலைல வா பாப்பா. இப்ப பிளேடு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

அவள் போனதும் வீணாய்க் கிடந்த பழைய கட்டி ஒன்றை மாட்டிப் பார்த்தாள். கட்டியைப் பிளேடுக்கு நேராக நிறுத்துவதில்தான் எல்லாம் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஓர் ஒளிக்கீற்று தெரியும். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கீற்று ஒரே அகலமாக இருந்தால் நேர். ஒரு பக்கம் சரிந்திருந்தால் திருகால் நேராக்க வேண்டும்; அது தப்பினால், நேராகும்வரை சீவித் தள்ள வேண்டும். பெரிய துணுக்கானால் தள்ளலாம். எள்ளைத் தள்ளினால் எள்ளோடு எல்லாம் போய்விடும். அக்கா கீற்றைத் தேடினாள். புது விளக்கு எரிந்தது, புது பிளேடு மின்னியது, கீற்று மட்டும் பஞ்சு மாதிரி பரவிக் கிடந்தது. குறை சொல்ல அறையில் வேறு பொருள் மிச்சமில்லை.

அன்று வேலை முடிந்ததும் நேராகக் கண்ணாடிக் கடைக்குப் போனாள். பரிசோதித்துச் செய்து கொடுக்க மூன்று நாளாகும் என்றார்கள். இவ்வளவு நாள் கழித்து வந்தவளுக்கு மூன்று நாள் பெரிதில்லை. கட்டிக்குப் பெரிது. வெளியே வந்தவளுக்கு வீட்டுக்குப் போகக் கால் எழவில்லை. இரண்டு தெரு தள்ளி இருந்த கணவரின் கடைப்பக்கம் நடந்தாள். சாதாரணமாக அங்கே போகிறவள் அல்ல. போனால் பொத்தான் தைக்கச் சொல்லிவிடுவார்.

கடைக் கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். மேஜையில் ஒரு கறுப்புக் கோட்டு. அதன்மேல் குனிந்து அவர் ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டிருந்தார். மூக்கின்மேல் தடித்த சட்டம் போட்ட கண்ணாடி, கழுத்தைச் சுற்றி நாடா கட்டி.

கதவு கிறீச்சிட்டது. நிமிர்ந்தவர் கண்ணாடியைக் கழற்றிய வேகத்தில் நாடா காதில் மாட்டியது. அப்படியே இழுத்துப் பொத்தான் டப்பாவுக்குள் போட்டு மூடியை அமுக்கினார். நாடா வெளியே தொங்கியது.

"என்ன, இந்தப் பக்கம்?" என்றார், ஒன்றும் நடக்காதது போல.

"அந்த டப்பாவைக் குடுங்க."

"எதுக்கு? பொத்தான்தான் இருக்கு."

"பொத்தானுக்கு நாடா எதுக்குங்க?"

அவர் டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினார். பிறகு, "வாங்கி ஒண்ணரை வருஷமாச்சு. உன் வாய்க்குப் பயந்துதான் கடையிலயே வெச்சிருக்கேன்," என்றார்.

கிண்டலுக்குத் தயாராகத் தோளைக் குறுக்கிக்கொண்டார். கிண்டல் வரவில்லை. அவள் டப்பாவைத் திறந்து, பொத்தான்களை உதறிவிட்டுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். கோட்டுத் துணியின் இழை தனித்தனியாக எழுந்து நின்றது. அவர் போட்ட தையல் எறும்பு வரிசையாய்ப் போனது. நிமிர்ந்து அவர் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தாள். புருவத்தில் இரண்டு நரை, மீசை ஓரத்தில் சவரக்கத்தி விட்ட ஒரு முடி. இத்தனை நாளாக இந்த மனுஷரை மங்கலாகவே வைத்துக் குடித்தனம் செய்திருக்கிறோம் என்று தோன்றியதும் சிரிப்பு வந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவருக்குக் கோபம் வர வேண்டிய இடம்தான்; வரவில்லை. தையல் இயந்திரத்தின் மேலே கையை ஊன்றிக்கொண்டு அவரும் சிரித்தார்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள்: மடிப்பு, விளக்கு, எள், நாளை மாலை.

"நாளைக்கு எனக்குக் குடுங்க."

"இந்தக் கோட்ட நாளைக்குச் சாயங்காலம் குடுத்தாகணும். பொத்தான் வேலை பாக்கி."

"மத்தியானம் வந்து வாங்கிக்கோங்க."

"அதுவரைக்கும் நான் என்ன பண்றது?"

"இஸ்திரி போடுங்க தாத்தா," என்றாள். பழைய வாய் முழுசாகப் போய்விடவில்லை.

மறுநாள் காலை சிவப்புத் துணி ஏறியது. விஷயம் குழாயடி வழியாக எல்லா மாடிக்கும் போயிருந்தது. தாழ்வாரத்தில் நுரையீரல் பொண்ணு நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். சாயக்காரர், பொறுப்பாளர் அம்மா, தன் கட்டியோடு கல்லீரல் தம்பி. குடல் சார் வேறு வேலையாக வந்ததாகச் சொல்லி நின்றுகொண்டார்.

உள்ளே அக்கா கண்ணாடியின் நாடாவைக் கழுத்தில் இறுக்கினாள். பனிக்கட்டியில் குளிர்ந்திருந்த கட்டியை மாட்டினாள். குனிந்தாள். பஞ்சு மறைந்து கீற்று தெரிந்தது, இடப்பக்கம் மயிரிழை அகலமாக. திருகை ஒரு பொட்டு திருப்பினாள். இன்னொரு பொட்டு. கீற்று நேரானது.

சக்கரத்தைச் சுற்றினாள். முதலில் வெறும் மெழுகு வந்தது. மறுபடி மெழுகு. அடுத்த சீவலின் நடுவில் ஒரு மங்கிய புள்ளி எழுந்தது, மூடுபனிக்குள் யாரோ வருவது போல. அதன் வாலைப் பிடித்து இரண்டாவது வந்தது. மூன்றாவதும் வந்தது. நாலாவதில் புள்ளி இல்லை. கையை நிறுத்தினாள். தூரிகையால் ரிப்பனைத் தூக்கித் தொட்டிக்குக் கொண்டுபோகும்போது மூச்சு எங்கே இருந்தது என்று அவளுக்கே தெரியாது. தண்ணீரில் பட்டதும் அது சோம்பல் முறிப்பது மாதிரி விரிந்தது. ஸ்லைடுகளை ஒவ்வொன்றாகக் கொடுத்து ஏந்தினாள்.

தாழ்வாரத்தில் நின்றவர்களுக்கு முதலில் கேட்டது சிரிப்பு. சாயக்காரர் துணியை அவிழ்த்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பொண்ணு உள்ளே ஓடினாள்.

"ரெண்டு கேட்ட. மூணு இருக்கு. ஒண்ணு கொசுறு," என்றாள் அக்கா.

பொண்ணு அக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டதில் நாடா இருவருக்கும் சேர்த்து இறுகியது.

மத்தியானம் தையல்காரர் கண்ணாடி வாங்க வந்தபோது, முதல் ஸ்லைடு சாயம் ஏறி நுண்ணோக்கியில் இருந்தது. இளஞ்சிவப்பும் ஊதாவும், ஒரு மடிப்பு இல்லாமல். உறுதி செய்யும் அடுத்த சோதனைக்கு இரண்டு நாளாகும் என்றாலும், ஐந்தாவது ஆள் அந்த நாலு பேரின் ஜாடையாகத்தான் இருக்கிறார் என்று பொண்ணு மூன்று முறை சொல்லிவிட்டாள். தையல்காரரையும் பார்க்கச் சொன்னார்கள். அவர் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு வெகு நேரம் பார்த்தார்.

"இது யாரு?" என்று மனைவியிடம் கேட்டார்.

"தெரியாது. இங்க நம்பர் மட்டும்தான் வரும்."

"நல்லா இருக்கட்டும்," என்றார். இருக்கிறாரா இல்லையா என்று அவர் கேட்கவில்லை.

கண்ணாடிக்காகக் கையை நீட்டினார். அதற்குள் கல்லீரல் தம்பி, "அக்கா, என்னோடதையும் இதே கண்ணாடியில..." என்று கட்டியை நீட்டினான். குடல் சாரும் பையிலிருந்து ஒன்றை எடுத்தார். வேறு வேலையாக வந்தவர். அக்கா கணவரைப் பார்த்தாள். அவர் நீட்டிய கையை மடக்கி, சாயக்காரரிடமிருந்து சிவப்புத் துணியை வாங்கி, தானே கைப்பிடியில் கட்டிவிட்டுப் போனார்.

கோட்டுக்காரர் சொன்னபடி சாயங்காலம் வந்தார். மேல் பொத்தான் மட்டும் கருநீல நூலில் தைக்கப்பட்டிருந்தது. தையல்காரருக்கு அது கறுப்பாகத்தான் தெரிந்தது. கோட்டுக்காரருக்கும் ஐம்பது வயதிருக்கும். கோட்டைக் கையெட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்து, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"கச்சிதமா இருக்கு," என்றார்.