போச்சு, வந்துச்சு

அந்த அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் அக்காதான். அவளைவிட மூத்த முதலாளிக்கும் அக்கா, தபால் கொண்டுவருபவருக்கும் அக்கா. வீடு கட்டுகிறவர்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுக்கும் சின்ன அலுவலகம் அது. முன்மேசை, தொலைபேசி, சாவிக்கொத்து எல்லாம் அவள் பொறுப்பு. ஒருமுறை பிரிண்டரில் சிக்கிய காகிதத்தைப் பிடுங்கியெடுத்த பாவத்துக்கு, மின்சாரத்தில் ஓடும் சகலமும் அவள் தலையில் வந்து விழுந்தது. இணையமும் அப்படி விழுந்ததுதான்.

இணையப் பெட்டி கழிப்பறையை ஒட்டிய அலமாரிக்குள் இருந்தது. வேகம் குறைந்தால் யாராவது போய் அதை அணைத்துப் போடுவார்கள். அணைக்கும் முன் "போச்சு!" என்று கத்த வேண்டும். பச்சை விளக்கு எரிந்ததும் "வந்துச்சு!" என்று கத்த வேண்டும். அது அங்கே எழுதாத சட்டம். கத்தாமல் அணைத்துவிட்டு மூத்த வரைபடக்காரர் குறுந்தாடி ஒருநாள் முதலாளியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

முன்பெல்லாம் வாரத்துக்கு ஒரு போச்சு வந்தாலே அதிகம். அக்காவின் தம்பி பெண்டாட்டி வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து மணிக்கு ஒரு போச்சு.

அவளைச் சேர்த்துவிட்டதே அக்காதான். தம்பிக்கு வேலை போய் மாதக்கணக்காகிவிட்டது. அந்த வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமென்றால் அவள் சம்பளம் வந்தாக வேண்டும். பழைய காகித வரைபடங்களை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றும் வேலை, மூலையில் ஒரு மேசை. முந்தின நாளே அக்கா அந்த மேசையைத் துடைத்து, கீழே குப்பையாய்க் கிடந்த ஒயர்களை ஒழுங்கு பண்ணி, ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தாள். வந்தவளும் லேசுப்பட்டவளில்லை, எதிலும் சிக்கனம். சாப்பிடப் போனால்கூட மேசைக்கடியில் இருந்த பிளக் பலகையை மொத்தமாக அணைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். ஊரே அக்கா என்று கூப்பிடும் இடத்தில் அவள் மட்டும் "அண்ணி" என்று கூப்பிட்டாள். அது அக்காவுக்குப் பிடித்துத்தான் இருந்தது.

ஆனால் இந்த இணையம் இருக்கிறதே! அக்காவுக்கு மண்டை காய்ந்தது. இணையக் கம்பெனி ஆள் வந்தான், பெட்டியைத் தட்டினான், "எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினான். புதுப் பெட்டி மாற்றினார்கள், அதுவும் படுத்துக்கொண்டது. எல்லோருடைய கைபேசியையும் இணைப்பிலிருந்து துண்டித்தார்கள். ம்ஹூம். காலையில் நன்றாக ஓடும், திடீரென்று நின்றுவிடும், மத்தியானம் தானே உயிர் வரும். நோய் என்றால்கூட ஒரு ஒழுங்கு இருக்காதா?

ஒருநாள் குறுந்தாடி முன்மேசைக்கு வந்து குரலைத் தாழ்த்தினார்.

"தப்பா நினைக்காதீங்கக்கா. உங்க தம்பி சம்சாரம் சீட்டுல உக்காந்தா நெட்டு படுத்துக்குது. எந்திரிச்சுப் போனா ஓடுது."

"என்னங்க இது, வாய்க்கு வந்ததைச் சொல்றீங்க? மனுஷி உக்காந்தா நெட்டு எப்படிப் படுக்கும்?"

"நீங்களே பாருங்க."

பார்த்தாள். தம்பி பெண்டாட்டி வந்து உட்கார்ந்தாள், சற்றைக்கெல்லாம் "போச்சு!" சாப்பிடப் போனாள், எல்லோருக்கும் பறந்தது. திரும்பி வந்தாள், மறுபடி "போச்சு!" அக்கா ஏதோ சாக்குச் சொல்லி அவள் கணினியைத் துழாவிப் பார்த்தாள். ஸ்கேன் செய்த வரைபடங்களைத் தவிர ஒரு மண்ணும் இல்லை. அப்போதாவது மனம் ஆறியிருக்க வேண்டும். ஆறவில்லை. ஒளித்து வைக்கத் தெரிந்தவள் கண்ணில் படுகிற மாதிரியா வைப்பாள் என்று ஒரு யோசனை வந்து ஒட்டிக்கொண்டது.

அந்த வாரமே ஒரு பெரிய வாடிக்கையாளரோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்த முதலாளியின் முகம் பாதிச் சொல்லில் திரையில் உறைந்துபோனது. அந்த ஆள் வேறு இடம் பார்த்துக்கொண்டார். முதலாளி அக்காவையும் தம்பி பெண்டாட்டியையும் அறைக்குள் கூப்பிட்டார்.

"வேலை நேரத்துல என்னம்மா இறக்குற? சினிமாவா?"

"இல்ல சார். நான் ஸ்கேன் மட்டும்தான் பண்றேன்."

"நீங்க சொல்லுங்கக்கா. உங்க வீட்டுப் பொண்ணு. இவ அப்படிச் செய்றவளா, இல்லையா?"

இல்லை என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்ல என்ன கேடு? அக்கா திருதிருவென விழித்தாள்.

"எனக்குத் தெரியலையே சார். ஒண்ணுமே புரியல."

அவள் அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். மாலையில் பிளக் பலகையை வழக்கம்போல அணைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

மறுநாள் இணையம் அடித்துப் பிடித்து ஓடியது. "பாத்தீங்களாக்கா, பாத்தீங்களா?" என்று குறுந்தாடிக்கு வாயெல்லாம் பல். அலுவலகமே குதூகலமாக இருந்தது. அக்கா மட்டும் காலியாகக் கிடந்த மூலை மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படியானால் நிஜமாகவே அவள்தானா? தம்பி முகத்தில் இனி எப்படி விழிப்பது?

மத்தியானத்துக்கு மேல் ஒரு வரைபடத்தை அவசரமாக ஸ்கேன் செய்ய வேண்டியிருந்தது. அக்காவே மூலை மேசைக்குப் போனாள், பிளக் பலகையைப் போட்டாள், காகிதத்தை வைத்தாள். பாதி ஏறவில்லை.

"போச்சு!" என்று உள்ளேயிருந்து குறுந்தாடியின் குரல்.

எல்லோரும் பழக்கதோஷத்தில் மூலையைத் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே அக்கா உட்கார்ந்திருந்தாள்.

அவள் சேலையைச் செருகிக்கொண்டு மேசைக்கடியில் நுழைந்தாள். கணினிக்கும் ஸ்கேனருக்கும் இணைப்பைப் பிரித்துக் கொடுக்கும் சின்னப் பெட்டி ஒன்று பிளக் பலகையோடு கிடந்தது. அதன் விளக்குகள் எல்லாம் பேய் பிடித்த மாதிரி மின்னின. ஒவ்வொரு ஒயராக விரலால் தடவிக்கொண்டே போனாள். ஒன்று கணினிக்குப் போனது. ஒன்று ஸ்கேனருக்கு. ஒன்று சுவருக்கு. நான்காவது ரப்பர் பேண்டுக்குள் நுழைந்து, வளைந்து, புறப்பட்ட அதே பெட்டிக்குள்ளேயே திரும்பி வந்து செருகிக் கிடந்தது. பலகையைப் போட்டால் போதும், அனுப்பியதெல்லாம் அதற்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்து மொத்த அலுவலகத்தின் வழியையும் அடைத்துவிடும்; அணைத்தால்தான் விடும்.

தொங்கும் ஒயரைக் கண்டால் அவள் கை சும்மா இருக்காது. மேசையைத் துடைத்த அன்று ஒரு முனை அனாதையாகக் கிடந்தது, காலியாக ஒரு ஓட்டை இருந்தது. அழகாகச் செருகிவிட்டு எழுந்தவள் அவளேதான்.

பிடுங்கினாள். "இப்ப பாருங்க!" என்று கீழேயிருந்தே கத்தினாள்.

"வந்துச்சு!"

செருகினாள்.

"போச்சு!"

மறுபடி பிடுங்கினாள். "வந்துச்சுக்கா! என்ன பண்ணீங்க?"

தூசி படிந்த தலையோடு வெளியே வந்து, முதலாளியின் அறைக்கு நேரே போய், "நான் பண்ண வேலை சார் இது. அவ ஒரு பாவமும் அறியாதவ" என்றாள். முதலாளி, "சரி விடுங்க. நாளைக்கு வரச் சொல்லுங்க" என்றார், ஏதோ ஒயரைப் பிடுங்கிச் செருகுவது போல.

அக்கா வாசலுக்கு வந்து கைபேசியில் கூப்பிட்டாள். நடந்ததையெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னாள். மன்னிப்பும் கேட்டாள்.

"ஒயரு யாருக்குத் தெரியும் அண்ணி? அதுக்கெல்லாம் எனக்குக் கோவமில்ல" என்றாள் அவள். "நாளைக்கு வேலைக்கு வந்துடுறேன். சம்பளம் வேணும்ல."

"வாம்மா. சாயங்காலம் அப்படியே நம்ம வீட்டுக்கும் வந்துட்டுப் போ. தம்பியையும் கூட்டிட்டு வா."

அந்தப் பக்கம் பேச்சில்லை. இணைப்பு போய்விட்டதோ என்று அக்கா கைபேசியை எடுத்துப் பார்த்தாள். போகவில்லை.

"வேலைக்கு வரேன் அண்ணி," என்றாள் அவள். "வீட்டுக்குக் கொஞ்ச நாள் கூப்பிடாதீங்க."