கேமராவுக்கு நேரே ஒரு நாற்காலி

எங்கள் வீட்டுக்கு நாங்கள் இரண்டு மருமகள்கள். மூத்தவளை நான் அக்கா என்று கூப்பிடுவேன். மாமியார் அவளைக் 'காலேஜ்' என்பார். "காலேஜ், அடுப்பைக் கொஞ்சம் தணிச்சு வை" என்று குரல் வந்தால் அது கிண்டலா செல்லமா என்று இத்தனை வருஷமாகியும் எனக்குப் பிடிபடவில்லை. அக்கா காலேஜ் வாசலை மிதித்ததே கிடையாது. வணிகவியல் பட்டப்படிப்பு முழுவதையும் எங்கள் கூடத்தில், பீரோவுக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள இடுக்கில் உட்கார்ந்தே ஆன்லைனில் முடித்தாள்.

வீட்டில் சிக்னல் ஒழுங்காகக் கிடைப்பது அந்த இடுக்கில்தான். ஒரு பிளாஸ்டிக் மேசையும் நாற்காலியும் போட்டால் அடைந்துவிடும். உட்கார்ந்தால் எதிரே சுவர். முதுகுக்குப் பின்னால், சமையலறையிலிருந்து மாமாவின் அறைக்குப் போகும் வழி. மாமா என்றால் எங்கள் மாமனார். பக்கவாதத்தில் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. அக்கா கல்யாணமாகி வந்த புதிதில் விழுந்தவரை அன்றிலிருந்து புரட்டிப் படுக்க வைப்பது, ஊட்டுவது, துடைப்பது எல்லாம் அவள்தான். நான் வந்தபிறகு பாதியை என்னிடம் தந்தாள். நான் எட்டாவதோடு நின்றவள். படிப்பு பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அவள் ஏன் படிக்கிறாள் என்று மட்டும் தெரியும். மாடியில் துணி காயப்போடும்போது ஒருநாள் சொன்னாள்.

"சம்பளம்கூட எனக்கு ரெண்டாம்பட்சம்தான். காலையில பையை மாட்டிக்கிட்டு இந்த வாசப்படியைத் தாண்டணும். சாயங்காலம் அலுத்துப்போய்த் திரும்பி வரணும். அவ்வளவுதான்."

அலுத்துப்போவதற்கு ஆசைப்படுகிறவளை நான் அன்றுதான் பார்த்தேன்.

பரீட்சை நாட்களில் வீடே பரீட்சை எழுதும். காப்பியடிக்கிறாளா என்று லேப்டாப் கேமரா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். அவள் தலையைத் திருப்பினால், கண்ணை ஓரத்துக்கு ஓட்டினால்கூட, திரையைச் சுற்றிச் சிவப்புக் கோடு வரும். இன்னொரு முகம் தெரிந்தால் பரீட்சை அதோடு முடிந்தது. அதனால் சமையலறைக்கும் மாமாவின் அறைக்கும் நடுவே நாங்கள் குனிந்து வாத்து மாதிரி போவோம். அக்கா இடது கையை நாற்காலிக்குப் பக்கத்தில் தொங்கப்போட்டிருப்பாள். கேமராவுக்கு அது தெரியாது, எனக்குத் தெரியும். ஒரு விரல் நீட்டினால் மின்விசிறியை நிறுத்து. விரித்த கையைக் கீழ்நோக்கி அசைத்தால் குனிந்து போகலாம். கையை மூடிக்கொண்டால் யாரும் அசையக் கூடாது.

ஒரு தடவை மாமியார் முழங்கால் வலியென்று நிமிர்ந்தே நடந்து போய்விட்டார். பரீட்சை நின்றுவிட்டது. அந்தத் தாளை அக்கா அடுத்த பருவத்தில்தான் எழுத முடிந்தது.

"என் வீட்டுல என் தலை தெரியக் கூடாதா? நான் என்ன திருடியா?" என்றார் மாமியார். கேட்டதில் நியாயம் இருந்தது. அதன்பிறகு பரீட்சை முடியும்வரை அவர் சமையலறையிலேயே உட்கார்ந்து, அங்கிருந்தே பெருமூச்சு விட்டுக்கொண்டிருப்பார்.

பட்டம் கிடைத்ததும் அக்கா தோள்பை ஒன்று வாங்கினாள். சாப்பாட்டு டப்பாவுக்குத் தனி அறை உள்ள பை. அதைப் பீரோ கைப்பிடியில் மாட்டி வைத்தாள். வேலை மட்டும் வரவில்லை. போனில் கூப்பிடுகிறவர்கள் முதலில் கேட்பது, நேரில் வகுப்புக்குப் போனதே இல்லையா என்றுதான். கூடப் படித்தவர்களோடு பழகிய அனுபவம் உண்டா என்று ஒருவர் கேட்டாராம். கூடப் படித்தவர்கள் அவளுக்குத் திரையில் சின்னச் சின்னக் கட்டங்கள். பாதிக் கட்டங்களில் முகமே இருக்காது.

கடைசியில் தண்ணீர் மோட்டார் செய்யும் கம்பெனி ஒன்றிலிருந்து நேரில் வரச் சொன்னார்கள். கணக்குப் பிரிவில் வேலை. பஸ்ஸில் போய்வரும் தூரம். மாமாவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று முந்திக்கொண்டு சொன்னேன்.

"நல்லாருக்கு. நீயும் ஒரு ஆபீஸைப் பாத்துக்கோ. உங்க மாமாவை நான் இடுப்புல கட்டிக்கிட்டுச் சமைக்கறேன்" என்றார் மாமியார். ஆனாலும் நாங்கள் கிளம்பும்போது, "தலையைச் சரியா வாரு, காலேஜ்" என்று வாசல்வரை வந்து நின்றார்.

துணைக்கு நான் போயிருந்தேன். வெளி அறையில் என்னை உட்காரச் சொன்னார்கள். நடுவில் கண்ணாடித் தடுப்பு. பேச்சு கேட்காது, எல்லாம் தெரியும். உள்ளே மேசைக்கு அந்தப்பக்கம் நடுவில் ஒரு மேடம். மேசையின் இரண்டு ஓரங்களிலும் ஒவ்வொருவர். ஒருவர் வழுக்கை, ஒருவர் இளைஞர். மேடம் கேட்டதற்கு அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொன்னாள். மேடம் தலையாட்டினார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பிறகு வழுக்கைக்காரர் ஏதோ கேட்டார். அக்கா மேடத்தையே பார்த்துக்கொண்டு பதில் சொன்னாள். அவர் மேசையில் இன்னும் கொஞ்சம் முன்னால் சாய்ந்து மறுபடி கேட்டார். அக்காவின் வாய் அசைந்தது, தலை அசையவில்லை. இளைஞர் கேட்டபோதும் அப்படியே. அவர் கையிலிருந்த பேனாவை ஆட்டிக்கூடப் பார்த்தார். சுவரில் அடித்த ஆணி மாதிரி அவள் பார்வை மேடத்தின் முகத்திலேயே நின்றது. மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

என்ன நடக்கிறது என்று அந்தக் கட்டடத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். நான் எழுந்து கண்ணாடிக்கு அருகில் போய்க் கையை உயர்த்தினேன். உயர்த்தியபிறகுதான் உறைத்தது. பக்கத்தில் பார் என்பதற்கு எங்களிடம் சைகையே இல்லை. இருந்திருந்தாலும் பிரயோசனமில்லை. நான் நின்றதும் அவளுக்குப் பக்கவாட்டில்தான். வரவேற்பில் இருந்த பெண் என்னை விசித்திரமாகப் பார்த்ததால் வெட்கப்பட்டு உட்கார்ந்துகொண்டேன்.

பஸ்ஸில் அக்கா முகமெல்லாம் சிரிப்பாக இருந்தாள். கேட்ட எதற்கும் தடுமாறவில்லையாம். எனக்குத்தான் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"அக்கா, ஓரத்துல இருந்தவங்க கேட்டப்போ நீங்க அவங்க பக்கம் திரும்பவே இல்லை."

அவள் சிரிப்பு மெல்லக் கரைந்தது. ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தும் வெளியே பார்க்கவில்லை, முன்சீட்டின் முதுகையே பார்த்தாள்.

"திரும்பணும்னு தெரிஞ்சுது. கழுத்து வரலை" என்றாள்.

ஒரு வாரம் கழித்து அவளே போன் செய்து கேட்டாள். வரவேற்புப் பெண் நல்ல மாதிரி, ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். "கணக்கெல்லாம் நல்லாத் தெரியுதாம். ஆனா முகம் கொடுத்துப் பேச மாட்டேங்கிறாங்கன்னு மேடம் சொன்னாங்க."

அன்றிலிருந்து நாங்கள் பழகினோம். காய் நறுக்கும்போது நான் அவளுக்கு இடப்பக்கம் உட்கார்ந்துகொண்டு, உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்பேன். மாமாவுக்கு ஊட்டும்போது வலப்பக்கம் நின்று கேட்பேன். மாமாவும் நல்ல கையை உயர்த்தி அவர் பங்குக்கு ஏதோ குழறிக் கேட்பார். முதலில் அக்காவின் கண் மட்டும் வந்தது. பிறகு மோவாய் வந்தது. ஒருநாள் முழுதாகத் திரும்பி என் முகத்தைப் பார்த்து, "சொல்லுங்க மேடம்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும்.

அந்த வாரத்திலேயே இன்னொரு கம்பெனியிலிருந்து பதில் வந்தது. வாடிக்கையாளர்களின் புகார்களைக் கேட்டுப் பதிவு செய்யும் வேலை. வீட்டிலிருந்தே பார்க்கலாம். சோதனையும் வீட்டிலேயே, கேமரா முன்னால். முடிந்ததும் ஒருவர் திரையில் வந்து பாராட்டினார். நான் சமையலறை வாசலில் நின்று கேட்டேன். "எத்தனையோ பேரைப் பாத்தாச்சும்மா. உங்க பார்வை ஒரு தடவைகூட அலையலை. உங்களை மாதிரி ஆள்தான் எங்களுக்கு வேணும்."

அக்கா கும்பிட்டாள். இறக்கிய இடது கை மேசைக்குக் கீழே மூடிக்கொண்டது.

வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. மாமியார் பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். வேலையும் கிடைத்தது, வீட்டில் ஆள் இருந்த மாதிரியும் ஆச்சு என்றார். என் வீட்டுக்காரர் இனிப்பு வாங்கி வந்தார். அக்காவின் கணவர் லாரி ஓட்டுகிறவர். வழியில் எங்கோ வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் போனில் பேசினார். இன்னும் கொஞ்ச நாள் பார்க்கிறேனே, வேறு யாராவது நேரில் கூப்பிடுவார்கள் என்று அக்கா தயங்கிச் சொன்னாள். ஸ்பீக்கரில் அவர் குரலில் கோபமே இல்லை.

"வெயில்ல அலைய வேண்டாம், பஸ்ல இடிபட வேண்டாம். உக்காந்த இடத்துக்கே வேலை வந்திருக்கு. இதுக்கு மேல என்னம்மா வேணும் உனக்கு?"

எல்லோரும் அவளைப் பார்த்தோம். என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதை அந்தக் கூட்டத்தில் எடுத்துச் சொன்னால் ஒரு வேண்டுதல் மாதிரி இருக்காது, ஒரு புகார் மாதிரி ஆகிவிடும். அவளும் அதைத்தான் நினைத்திருக்க வேண்டும். "ஒண்ணும் இல்லைங்க, சேந்துடறேன்" என்றாள்.

வேலை நேரம் முழுவதும் கேமரா ஓட வேண்டும். பின்னால் ஆள் தெரியக் கூடாது. மதியம் கொஞ்ச நேரம் எழுந்திருக்கலாம். சேரும்போதே அவர்கள் சொன்னதுதான், ஆனால் தினமும் என்பது தினமும் நடக்கும்போதுதான் உறைக்கிறது. நான் மறுபடி வாத்து நடை நடந்தேன். மாமியாரால் குனிய முடியாது. அவர் புது வழி கண்டுபிடித்தார். பின்கதவு வழியாக வெளியே இறங்கி, வீட்டைச் சுற்றி நடந்து, மாமாவின் ஜன்னலுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அவரோடு பேசுவார். தெருவில் போகிறவர்களிடமும் பேசுவார். காலையில் கிளம்பினால் சாயங்காலம் அலுத்துப்போய்த்தான் உள்ளே வருவார்.

தோள்பை பீரோ கைப்பிடியிலேயே தொங்குகிறது. அதற்குள் இப்போது சார்ஜர் ஒயர்களைப் போட்டு வைத்திருக்கிறாள்.

நேற்று அடுப்படியிலிருந்து பார்த்தேன். அக்காவின் இடது கை நாற்காலிக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. விரல்கள் விரிந்தன, மூடின, மறுபடி விரிந்தன. எங்கள் சைகைகளில் அப்படி ஒன்று கிடையாது. தண்ணீர் கேட்கிறாளோ என்று டம்ளரோடு குனிந்து போனேன். டம்ளரை அவள் தொடவில்லை. என் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

யாரோ அவளிடம் கோபமாகக் கத்திக்கொண்டிருந்தது ஹெட்போனுக்கு வெளியே எனக்கும் லேசாகக் கேட்டது. "புரியுதுங்க சார், கொஞ்சம் பொறுங்க" என்று அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள். குரல் மாறவில்லை, தலை திரும்பவில்லை. உள்ளே மாமா என்னைக் கூப்பிட்டார். விரலை இழுத்துப் பார்த்தேன், பிடி தளரவில்லை. அடுப்பில் ஏதோ பொங்கி வழிகிற சத்தம் கேட்டது. தலை தெரியாதபடி நான் அப்படியே குந்தியிருந்தேன்.