தொகை எழுதாத ரசீதுகள்

வாடகை ரசீதில் ஒட்டிய ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், வீட்டுக்கார அக்கா வலது கையை முந்தானையில் இரண்டு முறை துடைத்துக்கொள்வார். காலையெல்லாம் மீன் ஆய்ந்த கை. எவ்வளவு துடைத்தாலும் காகிதத்தில் எங்காவது ஒரு செதில் ஒட்டிக்கொண்டு மினுக்கும். மகளிர் குழுவில் சேர்ந்தபோது கற்றுக்கொண்ட கையெழுத்து அது. இறந்துபோன கணவரின் முதலெழுத்தைப் பெரிதாகப் போட்டு, புள்ளி வைத்து, கொஞ்சம் நிறுத்தி, அப்புறம்தான் தன் பெயருக்கு வருவார். அவசரப்படுத்தினால் பிடிக்காது. “இரு தம்பி, புள்ளி வெச்சிக்கிறேன்” என்பார்.

லைட்ஹவுஸ் குப்பத்தில் அவர் வீட்டு மாடியில் நான் குடியிருந்தேன். ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவன். பொன்னேரிக்கு அருகே ஒரு தனியார் கம்பெனியில் ஸ்டோர் பிரிவு. தினமும் பழவேற்காட்டுப் பாலம் தாண்டி பைக்கில் போய் வருவேன். அந்த மாடி அறையை அக்கா கட்டியது, முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து கணவர் போனபோது வந்த நிவாரணப் பணத்தில். வாடகை மாதம் நாலாயிரம். அது போக அவர் கருவாடு போட்டு விற்பார். ஊரில் கரைவலை இழுக்கும் நாளில், மீனைக் கூறு பிரிக்கும்போது, ஆண் இல்லாத வீடுகளுக்கென்று தனியாகக் கூறு வைப்பார்கள். அக்காவுக்கும் ஒரு கூறு உண்டு. அவருக்கு அது வெறும் மீன் இல்லை. ஊர் இன்னும் தன்னைக் கணக்கில் வைத்திருக்கிறது என்பதற்கு அவர் வைத்திருந்த ஒரே சாட்சி.

இனி என் யோக்கியதையைச் சொல்கிறேன். எங்கள் சம்பளத்தில் வீட்டு வாடகைப் படி என்று ஒரு பகுதி உண்டு. வாடகை கொடுத்ததற்கு ரசீது காட்டினால் அந்தப் பணத்துக்கு வருமான வரி குறையும். ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டுக்காரரின் பான் எண்ணையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு ஜனவரியிலும் கம்பெனியில் இதே பேச்சாக இருக்கும். நாலாயிரம் கொடுக்கிற நான் பன்னிரண்டாயிரம் என்று எழுதிக்கொண்டால் யாருக்கு நஷ்டம் என்று தோன்றியது. அக்காவின் பான் அட்டை நகல் வாடகை ஒப்பந்தத்தோடு என்னிடம் இருந்தது. நிவாரணப் பணத்தை வங்கியில் போடுவதற்காக எடுத்த அட்டை. ரசீதுகளில் தொகை எழுதாமல் கையெழுத்து மட்டும் வாங்கினேன். அப்புறம் எழுதிக்கொள்கிறேன் என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை.

முதல் வருடம் சுலபமாகப் போயிற்று. இரண்டாம் வருடம், என்னோடு வேலை செய்த மூன்று பேர் தங்களுக்கும் அந்த எண்ணைக் கேட்டார்கள். சொந்த வீட்டில் அப்பா அம்மாவோடு இருப்பவர்கள். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று நானும் அள்ளிக் கொடுத்தேன். அதற்கு அவர்கள் மூவரும் சேர்ந்து எனக்கு ஒரு பிரியாணி வாங்கிக் கொடுத்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை நாற்பத்தெட்டு ரசீதுகளை அக்கா முன்னால் வைத்தேன். அவர் கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “இன்னா தம்பி, இந்த வருசத்துக்கு இத்தினி மாசமா?” என்றார். நானும் சிரித்தேன். கை வலிக்க வலிக்க, ஒவ்வொன்றிலும் புள்ளி வைத்துப் போட்டுக் கொடுத்தார்.

வருமான வரி அலுவலகத்திலிருந்து அவர் பெயருக்குக் கடிதம் வந்தபோது நான் கம்பெனி வேலையாக வெளியூரில் இருந்தேன். இருந்திருந்தால் என்னிடம்தான் கொண்டுவந்திருப்பார். அந்தக் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்த வீட்டுக்குச் சர்க்கார் காகிதம் வந்தாலும் அதைக் கோயில் முன்னால் ஊர்க்கூட்டத்தில் வைத்துப் படிப்பார்கள். புயல் நிவாரணப் பட்டியலில் பெயர் விட்டுப்போனது, மீன்பிடித் தடைக்கால உதவி வராதது என்று பல சங்கதிகளை அப்படித்தான் ஊரே சேர்ந்து சரிசெய்திருக்கிறது. அந்த நம்பிக்கையில் அக்கா உறையைக்கூடப் பிரிக்காமல் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்.

நான் திரும்பிய மறுநாள் காலை என்னையும் கூப்பிட்டு அனுப்பினார்கள். வேப்பமரத்தடியில் முப்பது நாற்பது பேர். கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி கடிதத்தைத் தமிழில் சொல்லிக் காட்டினாள். உங்களுக்கு வாடகை கொடுத்ததாக நான்கு பேர் கணக்குக் காட்டியிருக்கிறார்கள், மொத்தம் ஐந்து லட்சத்து எழுபத்தாறாயிரம், நீங்கள் அதை வருமானமாகக் காட்டவில்லை, விளக்கம் தரவும். ஒற்றை அறையில் நான்கு குடும்பம் குடியிருக்கவில்லை என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அதனால் அவர்கள் வேறு மாதிரி யோசித்தார்கள்.

ஊர்ப் பெரியவர் என்னைப் பார்த்து, “இன்னா சார் இது?” என்றார். மரியாதையாகத்தான் கேட்டார். அந்த நிமிடம் எனக்குக் கண்ணில் பட்டது என் வேலை, அந்த மூன்று பேர், கம்பெனி மேலாளரின் முகம். “ஆபீஸ் கம்ப்யூட்டர்ல ஏதோ தப்பு. நான் சரி பண்ணிடறேன்” என்றேன்.

அவர் அக்காவிடம் திரும்பினார். “நீ இவங்களுக்குக் கையெழுத்து போட்டுக் குடுத்தியா?”

“போட்டேன்.”

“எத்தினி?”

“தம்பி கேட்ட அளவுக்குப் போட்டேன்.”

“அதுல இன்னா எழுதியிருந்துச்சு?”

“ஒன்னும் எழுதல.”

யாரோ சிரித்தார்கள். வெற்றுக் காகிதத்தில் எவளாவது சும்மா கையெழுத்துப் போடுவாளா, துட்டு வாங்கியிருப்பாள் என்று பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. அக்கா என்னைப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியவர் சத்தம் போடவில்லை. “ஊருக்குத் தெரியாம வருமானம் வெச்சிக்கினு, ஊர் கூறையும் வாங்கினா எப்பிடிம்மா?” என்று மட்டும் கேட்டார். கூட்டம் கலைந்தது.

அடுத்த கரைவலையின்போது நான் மாடியிலிருந்து பார்த்தேன். மணலில் கூறுகள் வரிசையாக வைத்திருந்தார்கள். அக்கா வழக்கம்போல அன்னக்கூடையோடு போய் நின்றார். ஒவ்வொருவராக எடுத்துக்கொண்டு போனார்கள். கடைசியில் மணல்தான் மிச்சமிருந்தது. யாரும் அவரைத் திட்டவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாக வீட்டுக்கு வந்தார். அன்றைக்கு நான் அழுதேன். அழுததால் அவருக்கு என்ன லாபம்?

வரி விஷயத்தைச் சரிசெய்தேன் என்பது உண்மை. நான்கு பேரும் கணக்கைத் திருத்தி, வட்டியோடு வரி கட்டினோம். மற்ற மூவரும் என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். அக்கா சார்பில் விளக்கம் அனுப்பினேன். மேல் நடவடிக்கை இல்லை என்று பதில் வந்தது. அதை அச்செடுத்து அவரிடம் நீட்டி, கோயிலில் படிக்கக் கொடுங்கள் அக்கா என்றேன். “இன்னொரு காயிதமா? வேணாம் தம்பி” என்று சொல்லி, உப்புப் பானையைத் தள்ளி வைக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டார். கொடுத்திருந்தாலும் என்ன பயன்? அவர்மேல் தப்பில்லை என்று அதில் இருந்தது. தப்பு யார்மேல் என்று அதில் இல்லை. சொல்லவேண்டிய வாய் என்னிடம் இருந்தது. பிறகு வேறு வேலை கிடைத்து, அறையைக் காலி செய்துகொண்டு போனேன்.

இப்போது ஆவடியில் எனக்கென்று ஒரு சின்ன வீடு. மாடியை வாடகைக்கு விட்டிருக்கிறேன். போன மாதம் குடியிருக்கிற பையன் வந்து, “சார், உங்க பான் நம்பர் வேணும், ஆபீஸ்ல கேக்கறாங்க” என்றான். தப்பாக ஒன்றும் கேட்கவில்லை. கொடுக்கிற வாடகையைத்தான் காட்டப்போகிறான். ஆனால் யாரோ தெரியாத ஒருவன் கையில் என் பெயரைக் கொடுக்கிறேன் என்று முதல்முறையாகத் தோன்றியது. அந்த வாரமே லீவு போட்டுக் குப்பத்துக்குக் கிளம்பினேன்.

அக்கா வாசலில் நெத்திலி காயவைத்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னை உடனே அடையாளம் தெரிந்துகொண்டு நாற்காலி போட்டார். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பன்னிரண்டாயிரம், மூன்று பேர், நாற்பத்தெட்டு ரசீது, பிரியாணி. இப்போதே கோயிலுக்கு வருகிறேன், ஊரைக் கூட்டச் சொல்லுங்கள், சொல்லிவிடுகிறேன் என்றேன். அவர் நெத்திலியைப் புரட்டிப் போடுவதை நிறுத்தவில்லை.

“யாராண்ட சொல்லுவ? கேட்ட பெரியவரே செத்துட்டாரு. இப்ப இருக்கிற பசங்களுக்கு நான் ஏன் கூறு வாங்கறதில்லைன்னே தெரியாது. கெய்விக்கு மீன் புடிக்கலைன்னு நெனைச்சிக்கினு இருக்குதுங்க.”

“உங்களுக்கு இதெல்லாம் எப்பத் தெரியும் அக்கா?”

“அன்னிக்கே தெரியும். நீ குனிஞ்சியே, அப்பவே.”

“பின்ன ஏன் நீங்க சொல்லல?”

அப்போதுதான் நிமிர்ந்தார். கோபம் இருந்திருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

“நீ சொல்லுவேன்னு பாத்துகினு இருந்தேன்.”

அந்தக் கூட்டத்துக்கு அப்புறம் நான் அந்த மாடியில் பத்து மாதம் இருந்தேன். தினமும் காலையில் நான் படியிறங்கும்போது அக்கா வேலையை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்ப்பார். வேலைக்குக் கிளம்பிவிட்டேனா என்று பார்க்கிறார் என நினைத்து, போய்ட்டு வரேன் அக்கா என்று சொல்லிவிட்டுப் போவேன்.